என் பேரில் எழுதினவர்

என் கணவர் என் பேரை எடுத்துக்கொண்ட விஷயம் கல்யாணமான மறுவாரம் எனக்குத் தெரியவந்தது. ஒரு வாரப் பத்திரிகையை விரித்து என் மடியில் வைத்து, "த பாரு, யார் பேரு போட்டுகீது?" என்றார். கதையின் தலைப்புக்குக் கீழே என் பேர் இருந்தது. கதை அவர் எழுதியது. கல்யாணம் நிச்சயமானதுமே என் பேரைப் போட்டு அனுப்பியிருக்கிறார். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. பூந்தமல்லியில் இருந்த என் அம்மாவுக்கு அந்தப் பத்திரிகையை அனுப்பி வைத்தேன். பறிகொடுத்ததைத் தாம்பூலம் வைத்துக் கொண்டாடினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளில் அது ஒரு மோஸ்தர். ஆண்கள் கதை எழுதிப் பெண்டாட்டி பேரில் அனுப்புவார்கள். பெண் பேரைப் பார்த்தால் ஆசிரியர் நாலு வரி கூடுதலாகப் படிப்பார் என்று ஒரு நம்பிக்கை. வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்தால் வம்பு என்று ஒரு சாக்கு. பெண்டாட்டிமேல் எவ்வளவு பிரியம் பார் என்று ஊர் மெச்சுவது இனாம். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் எழுதிய பெண்களில் பாதிப் பேருக்கு மீசை இருந்தது.

அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தா. அம்பத்தூரில் பல தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்தது போக ஓட்டு வீடும் கிணறும் மிஞ்சியிருந்தன. வீட்டில் அவர், நான், மாமியார், பிறகு வரிசையாக இரண்டு பிள்ளைகள். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதை அந்த வீட்டில் யாரும் குறையாகவும் சொன்னதில்லை, நிறையாகவும் சொன்னதில்லை.

எழுத்தாளன் ஆவதற்கு முதலில் பழக்கம் வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். எங்கேயோ படித்திருக்கிறார். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பார். கூடத்தில் கிழக்குச் சுவரைப் பார்த்துப் போட்ட மேஜை. புல்ஸ்கேப் தாளை நீளவாக்கில் மடித்து ஓரம் விடுவார். பேனாவைக் கழுவித் துடைத்து மை ஊற்றுவார். சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. அதில் 'சிந்தனை' என்று ஒரு கட்டம், 'எழுத்து' என்று ஒரு கட்டம். தொழிற்பேட்டையில் காலைச் சங்கு ஊதும் வரை வீட்டில் ஒரு சத்தம் வரக்கூடாது.

"மனசு தெளிவா இருந்தாத்தான்டீ எழுத்து தெளிவா வரும்" என்பார்.

அவர் மனசு தெளிவதற்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிணற்று ராட்டினம் கிறீச்சிடும் என்று தண்ணீர் இறைக்கக் கூடாது. பம்ப் ஸ்டவ் இரைச்சல் போடும் என்று திரி ஸ்டவ்வில்தான் அவருக்குக் காபி. அது கொதிக்கிற அழகுக்குப் பாதிப் பொழுது போய்விடும். அம்மி, உரல் பக்கமே போகக்கூடாது. குழந்தை சிணுங்கினால் மாமியார் படுக்கையில் இருந்தபடியே கிசுகிசுப்பார்: "அவன் எய்திகினு கீறான். புள்ளயத் தூக்கினு தெருவாண்ட போமே." மார்கழிப் பனியில் தெருவில் நின்று குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே, எந்தப் பழக்கமும் இல்லாத ஒரு சாதாரண மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கக் கூடாதா என்று நினைத்ததுண்டு.

இவ்வளவுக்கும் அவர் எழுதினது என்ன? கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் என்று மூன்று நான்கு கதைகள் வந்தன. அதோடு சரி, ஊற்று வற்றிவிட்டது. பழக்கம் மட்டும் வற்றவில்லை. தினமும் நாலரை, தினமும் பச்சைத் தண்ணீர், தினமும் மடித்த தாள். இரண்டு வரி எழுதுவார். மூன்றாவது வரியில் ஒரு அடித்தல் விழுந்தால் தாளே கெட்டுவிட்டது என்று எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளை மடிப்பார். சங்கு ஊதினதும் பெரிய வேலை முடித்தவர்போல நெட்டி முறித்து எழுந்திருப்பார். நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களில் சாமி இருக்கிறதா என்று பார்க்காதவர்கள் உண்டல்லவா, அந்த ரகம்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்வது? தண்ணீர் இறைக்கக் கூடாது, அரைக்கக் கூடாது, பேசக் கூடாது. அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்கு நாள் முழுதும் கிடைக்காத பொழுது, அவருடைய தவத்தின் புண்ணியத்தில் எனக்குத் தினமும் கிடைத்தது. அவர் வேண்டாமென்று போட்ட தாள்கள் அடுப்புப் பற்றவைக்க என்று அடுப்படியில்தான் கிடந்தன. ஒரு நாள் அதில் ஒன்றைத் திருப்பிப் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன்.

என் மனசு ஒன்றும் தெளிவாக இல்லை. முந்தின நாள் ரேஷன் கடையில் வாங்கின ஏச்சு, மாமியார் சொன்ன ஒரு சொல், சின்னவன் வயிற்றுப்போக்கு எல்லாம் குழம்பிக் கிடந்தது. ஏச்சை எழுதினேன். எழுதி முடித்ததும் ஏச்சு தனியாக நின்றது, நான் தனியாக நின்றேன். அவர் சொன்னதற்கு நேர் தலைகீழாக இருந்தது விஷயம். தெளிந்த பிறகு எழுதுவது என்றால் நான் இன்னும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பழக்கம் என்று எனக்கு வாய்த்தது ஒன்றுதான், அதுவும் நானாகத் தேடிக்கொண்டதில்லை. சங்கு ஊதினால் நிறுத்திவிட வேண்டும். வாக்கியம் பாதியில் நின்றாலும், சொல்லே பாதியில் நின்றாலும் எழுந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு ஏழு மணிக்குள் சோறு ஆகாது. முதலில் அழுகையாக வந்தது. பிறகு பார்த்தால் அந்தப் பாதி வாக்கியம் பகலெல்லாம் என்னோடு வந்தது. மாவு ஆட்டும்போது அதற்கு ஒரு வால் முளைக்கும். துணி அலசும்போது அந்த வால் சரியில்லை என்று தெரியும். மறுநாள் காலையில் தாளை எடுத்தால் யோசிக்கவே வேண்டியிருக்காது, கை தானாக ஓடும். அவர் அட்டவணையில் இருந்த 'சிந்தனை' என்ற கட்டம் எனக்கு உரலுக்குப் பக்கத்தில் இருந்தது.

இப்படி இரண்டு மூன்று வருஷம். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் "சும்மா கிறுக்கினு கீறா" என்றுதான் மாமியார் சொல்லியிருப்பார்.

பெரியவனுக்கு ஒரு தரம் கடுமையான காய்ச்சல் வந்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். துணைக்கு வந்தவள் பக்கத்துத் தெருக்காரி. அவள் அம்மாவும் அப்பாவும் எங்கள் வீட்டு நிலத்தில் கூலிக்கு உழுது நட்டவர்கள்; அவள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கை நீட்டி நின்ற எங்களைப் பார்த்தும் பஸ் நிற்காமல் போயிற்று. படியில் நின்ற கண்டக்டர் சிரித்துக்கொண்டே போனான். வெயிலில் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு மட்டும் என்னை விடவில்லை. அதை எழுதினேன். கதையில் அந்த அம்மா செருப்பைக் கழற்றி பஸ்ஸின்மேல் எறிகிறாள். அப்புறம் ஒற்றைச் செருப்போடு ஆஸ்பத்திரி வரை நடக்கிறாள். நிஜத்தில் நான் எறியவில்லை. எறியாமல் விட்ட கோபத்தில்தான் எழுதினேன்.

அதைச் சுத்தமாகப் பிரதி எடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். மேலே என் பேரைப் போட்டேன். வேறு யார் பேரைப் போடுவது? எனக்கு இருந்தது அந்த ஒரு பேர்தான். அதில் வில்லங்கம் இருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவர் கதை எழுதி வெகு காலமாகிவிட்டது. அந்தப் பேர் காலியாகி எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

கதை அச்சாகி வந்த அன்றைக்கு, அதை நான் பார்ப்பதற்கு முன்னாலேயே ஆவடி பார்த்துவிட்டது. சாயந்திரம் அவர் கையில் பத்திரிகையோடு வந்தார். ஆபீஸில் ஒருவர் விடாமல் கை குலுக்கினார்களாம். "செருப்பை எறியற எடம் இருக்குதே சார், பின்னிட்டீங்க" என்றார்களாம். பொம்பளை மனசை இப்படிப் பிட்டு வைக்கிறீர்களே என்று மேனேஜர் வரைக்கும் கேட்டாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்றேன்.

"இன்னாத்த சொல்றது? எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா... சிரிச்சேன்."

"நான் எழுதினதுன்னு சொல்லலியா?"

"சொல்லலாம், சொல்லலாம். அதுக்குன்னு ஒரு நேரம் வரும்ல" என்றார். கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதலில் சுட்டது.

நேரம் வரவில்லை. மாறாகக் கதைதான் வளர்ந்தது. என் மனைவி சம்பவத்தைச் சொன்னாள், நான் அதற்கு உருவம் கொடுத்தேன் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். இதை எனக்கு வந்து சொன்னதே மாமியார்தான், பெருமையாக: "நீ வாயால சொன்னத்தே அவன் எப்டி எய்திட்டான் பாரு!" நான் கையிலிருந்த பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன். "ஏன் இப்டி எரிஞ்சி வுழுறே?" என்றார்.

என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மட்டும் ஒரு நாள் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"இன்னாக்கா, பஸ்ஸு நிக்காத பூட்சே, அத்தயெல்லாம் அப்டியே எய்திட்டிருக்கே! ஆனா செருப்ப எங்க எறிஞ்சே? நானும் கூடத்தானே இருந்தேன்?"

"எழுதினது நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒம்பேரு போட்டுகீதுன்னுதே எம்பொண்ணு? அப்பறம் வேற யாரு எய்துவா?"

அச்சில் இருந்த பேரை அப்படியே நம்பின வாசகி எனக்கு அவள் ஒருத்திதான். அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருஷமே அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் இலக்கிய வட்டம் கூட்டினார்கள். செருப்புக் கதைக்காக அவருக்குப் பாராட்டு. என்னையும் அழைத்துப் போனார். 'அதற்கென்று ஒரு நேரம்' இதுதான் போலிருக்கிறது, மைக்கில் சொல்லிவிடுவார் என்று நம்பி இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அவர் பேசினார். செருப்பு ஒரு குறியீடு என்றார். அடக்கப்பட்ட பெண்மையின் முதல் எதிர்ப்பு என்றார். எழுத வரும் இளைஞர்களுக்கு நல்ல பழக்கங்கள் வேண்டும் என்றார். நாலரை மணி, பச்சைத் தண்ணீர், கிழக்குச் சுவர், ஓரம் விட்ட தாள், தெளிந்த மனம், ஒரே நோக்கம் என்று வரிசையாகச் சொன்னார். ஒன்றுகூடப் பொய்யில்லை. பையன்கள் குறித்துக்கொண்டார்கள். கடைசியில், இத்தனைக்கும் துணை நின்று காபி போட்டுத் தரும் என் துணைவியார் என்று என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "அந்தக் கதையை எழுதினது நான்" என்றேன்.

சிரிப்பு, கொட்டகையே அதிரும்படி. மைக் பிடித்திருந்த தலைவர், "அம்மா சொல்றது சட்டப்படி சரிதானே! கதையில அவங்க பேர்தானே இருக்கு!" என்றார். "சும்மா சொல்லலீங்க, நிஜமாவே நான்தான் எழுதினேன்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி, நகைச்சுவையில் கெட்டிக்காரி என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். உண்மையை அதைவிட நேராக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அது அவர்களுக்கு விகடமாகப் போனது. அவருக்குச் சால்வை போட்டார்கள். பேர் உதவிய அம்மையாருக்கு என்று எனக்கு ஒரு தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை பாக்கு. அதையும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது, தேங்காயை எடுத்து எறியவா முடியும்?

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நாளைக்கே பத்திரிகைக்காரங்களுக்கு எழுதிப் போடுங்க. அந்தப் பேர் உங்களுது இல்ல, இனிமே அந்தப் பேர்ல எழுத மாட்டேன்னு."

"இன்னா பேசற நீ? இத்தினி வருசமா கஷ்டப்பட்டு எடுத்த பேரு."

"அது எங்க அப்பா எனக்கு வெச்ச பேரு."

"நீ பாட்டுக்கு எய்து. நான் பாத்துத் திருத்தி அனுப்பறேன். ரெண்டு பேருக்கும் பேரு ஒண்ணுதானே? ஊடு ஒண்ணு, பேரும் ஒண்ணு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "த பாரு, போற எடத்துலல்லாம் இதுமாதிரி உளறி என் பேரைக் கெடுத்துடாத."

கெடுத்துவிடாதே என்று அவர் கெஞ்சின பேர் என்னுடையது. அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தார். வருஷக்கணக்காகத் தன்னால் எழுத முடியவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? அந்த ஒரு கதையும் இல்லையென்றால் அந்த விடிகாலைகள் அத்தனையும் வெறும் குளியல்தான். எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தான் நான் இத்தனை வருஷம் திரி ஸ்டவ்வோடு மாரடித்துக்கொண்டிருந்தேன்.

வேறு புனைபெயர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நான் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? சொந்த வீட்டில் இருப்பவள் எதற்கு வாடகை வீடு தேடிப் போக வேண்டும்? பழிக்குப் பழியாக அவர் பேரில் எழுதலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். யோசித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் பேரில் எழுதினாலும் அவர், அவர் பேரில் எழுதினாலும் அவர்.

கடைசியில் பத்திரிகை ஆசிரியருக்கு நானே கடிதம் எழுதினேன். ஒரு நாளில் எழுதவில்லை. காலையில் சங்கு ஊதும் வரை எழுதுவேன், பாதியில் நிறுத்துவேன், பகலெல்லாம் யோசிப்பேன், மறுநாள் தொடர்வேன். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அதில் காட்டினேன். கல்யாணமான மறுவாரம் பத்திரிகையை மடியில் விரித்ததில் ஆரம்பித்து, அடுப்படி, பஸ், கொட்டகைச் சிரிப்பு வரை ஒன்று விடாமல் எழுதினேன். கண்ணீர் விடவில்லை, யாரையும் திட்டவில்லை. நடந்தது நடந்தபடி. 'இதை எழுதியது நான்தான்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே தெளிவானது அதுதான்.

பதில் வந்தது. உறையின்மேல் அவர் பேர் இருந்தது. முன்பு அவருக்குச் சன்மானம் அனுப்பின விலாசத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'தங்கள் புதிய படைப்பைப் படித்து அசந்துபோனோம். மனைவியே கடிதம் எழுதுவதுபோல் அமைத்த உத்தி அபாரம். ஒரு பெண்ணின் மனத்தாங்கலை ஒரு பெண்ணால்கூட இவ்வளவு தத்ரூபமாக எழுத முடியாது. அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம். துணைவியாரிடம் எங்கள் அன்பைத் தெரிவிக்கவும்.'

அப்படியே வெளியிட்டார்கள். ஒரு சொல்லை மாற்றவில்லை, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். படம் போட்டிருந்தார்கள், தலையை விரித்துப்போட்டு ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். 'இதை எழுதியது நான்தான்' என்ற கடைசி வரிக்குக் கீழே என் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "முடிவு நல்லா வந்துகீது" என்றார். அவர் என் எழுத்தைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரே அபிப்பிராயம் அது.

அதற்குப் பிறகு நான் எதையும் எங்கேயும் அனுப்பவில்லை. ஆனால் எழுதுவதை விடவில்லை, விட முடியவில்லை. விடிந்தால் கை தாளைத் தேடியது. பழக்கத்தைப் பற்றி அவர் சொன்னதில் அது ஒன்றுதான் பலித்தது, அதுவும் எனக்கு.

அவர் போய் வெகு காலமாகிறது. இதைக் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள், கீழே என் பேரைப் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். போட்டால், செத்த பிறகும் மனுஷன் எப்படி எழுதுகிறார் பார் என்பார்கள்.